எங்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

சிங்கப்பூரில் மின்னிலக்கப் (டிஜிட்டல்) பொருளியலை ஆராய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களே,

வணக்கம். சென்ற மாதம் என் அப்பாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மூத்தோர் மின்னிலக்கச் சேவைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் கலந்துகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் அழைத்திருந்தார்கள். கீழே ஒரு கியூஆர் கட்டம், அவ்வளவுதான். காகிதப் படிவம் இல்லை. நேரில் வந்து கேட்க ஆளும் இல்லை. அப்பாவுக்கு வயது 78. தினமும் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். அந்தக் கடிதத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது ஏமாத்து வேலையா இருக்குமோ?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் பறிபோன பணம் சுமார் 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தெரியாத எதையும் தொடாதீங்கப்பா என்று ஓயாமல் சொல்லி வைத்திருப்பதே நாங்கள்தான்.

கடைசியில் நான் உட்கார்ந்து நிரப்பினேன். இணையவழி வங்கிச் சேவை பயன்படுத்துகிறாரா? ஆம். அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ்? ஆம். அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு? ஆம். எல்லாம் அவர் பெயரில்தான் நடக்கிறது. விரல் மட்டும் என்னுடையது. அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. மின்னிலக்கச் சேவைகளால் வாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்ற கேள்வியை மட்டும் தமிழில் சொல்லி அப்பாவிடமே கேட்டேன். “எனக்கு என்னம்மா மிச்சம்? அல்லாடுறது நீதானே” என்றார். அதை எழுதவும் இடமில்லை. ஆக, உங்கள் தரவில் இன்று என் அப்பா எல்லாச் செயலிகளையும் தானே கையாளும் 78 வயதுக்காரர்.

துறைமுகத்தில் 30 வருஷத்துக்கு மேல் கயிறும் சங்கிலியும் பிடித்த கை அது. ரேகை தேய்ந்துபோனதால் கைத்தொலைபேசி அவர் கட்டைவிரலை ஏற்பதே இல்லை. போன தீபாவளிக்கு முன்னால் புதுக் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, சிங்பாஸ் அவர் முகத்தைக் கேட்டது. நாற்காலியை டியூப்லைட்டுக்கு நேர்கீழே நகர்த்தினோம். கண்ணாடியைக் கழற்றினால் திரையில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. போட்டால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது. நான்காவது முறையும் சரிவராமல்போக, “என் மூஞ்சியே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குதே” என்று எழுந்து போய்விட்டார். அன்று எனக்கு இரவு வேலை. அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அதன் பிறகு நான்கு வாரம், அப்பாவுக்காகத் திரையில் செலவழித்த நேரத்தைக் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் குறித்துவந்தேன். மருந்தகச் சந்திப்பை மாற்றியது, மறைச்சொல் மறந்து மறுபடி போட்டது, வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி உண்மையா என்று சரிபார்த்தது. மொத்தம் 5 மணி 40 நிமிடம். வங்கிக்கு மிச்சம், மருந்தகத்துக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து போகிறது. அந்த நேரத்தையும் கணக்கில் எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

2023இல் மின்னிலக்கப் பொருளியலின் மதிப்பு 113 பில்லியன் வெள்ளி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.7 விழுக்காடு என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் அறிக்கையில் படித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளமில்லாமல் வீட்டில் நடக்கும் வேலை எந்த நாட்டின் உற்பத்திக் கணக்கிலும் வருவதில்லை. முன்பு வங்கியிலோ மருந்தகத்திலோ சேவை முகப்பில் ஒருவர் சம்பளத்துக்குச் செய்த வேலையை இப்போது மகளோ மருமகளோ பேரனோ செய்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அந்த வேலையே மறைந்துவிட்டதுபோல் இருக்கிறது. அமெரிக்காவில் பொருளியலாளர் எரிக் பிரினோல்ஃப்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு தேடுபொறி இல்லாமல் இருக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். பதில்களின் இடைநிலை மதிப்பு 17,530 அமெரிக்க டாலர் வந்தது. நல்ல கேள்விதான். இங்கே ஒரு செயலி இல்லாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்று என் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். அதை விட்டுவிடும் வழியே அவருக்கு இல்லையே!

நேரில் போய்க் கேட்பது உங்கள் துறைக்குப் புதிதில்லை. கேரளக் கடற்கரைக்குக் கைத்தொலைபேசி வந்த காலத்தைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். 15 கரைகளில் 300 மத்திப் படகுகளின் கணக்கை 1996 முதல் 2001 வரை வாராவாரம் கேட்டு எடுத்தார்கள். 1997 ஜனவரி 14 காலை வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டப் போனதும், 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் வாங்க மீனில்லாமல் நின்றதும் அப்படித்தான் தெரியவந்தது. கைத்தொலைபேசி வந்த பிறகு மீனவர் லாபம் 8 விழுக்காடு ஏறியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு இறங்கியது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்ன ஆய்வு அது. கைத்தொலைபேசி வைத்திருந்தவர்களை மட்டும் கைத்தொலைபேசியிலேயே கேட்டிருந்தால் இந்தக் கதை வெளியே வந்திருக்குமா?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரியில் எல்லாரும் பார்த்தோம். ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் மீதித் தொகை திரையில் தெரிய வேண்டும். மக்கள் கேட்டது அவ்வளவுதான். பழைய பயண அட்டைகளை விட்டு, மீதியை அப்படிக் காட்டாத சிம்பிளிகோ கட்டண முறைக்கு எல்லாரையும் மாற்றும் திட்டம் இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது, பழைய முறையைக் காப்பாற்ற மேலும் 40 மில்லியன் வெள்ளி. மூத்தோர் ‘தயங்குகிறார்கள்’, ‘பழக வேண்டும்’ என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கி இந்த ஊரை வளர்த்தவர்கள் அவர்கள். பழகத் தெரியாதவர்கள் இல்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் எண்ணை வைத்துத்தான் எந்த முகப்பை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று முடிவாகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த ஆய்வில் ‘இதை உங்களுக்காக வேறு யாராவது செய்கிறார்களா, அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது’ என்ற கேள்வியைத் தயவுசெய்து சேருங்கள். நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் கேளுங்கள். நேரில் வந்து கேளுங்கள்.

அப்பா தினமும் மாலை 4 மணிக்கு எங்கள் புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில், பாலும் சீனியும் போடாத தேநீரான தே ஓவோடு உட்கார்ந்திருப்பார். கூட இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். நாட்காட்டித் தாள்களை அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்