வேலூர்ப் பக்கத்து வேதியியல் ஆசிரியர்களுக்கு: பலூனை விடுங்கள், பாட்டிலை எடை போடுங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வேதிவினையில் மொத்த நிறை மாறாது என்ற பொருண்மை அழியா விதியைக் காட்ட, பாட்டில் வாயில் பலூனை மாட்டி ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலப்பது வகுப்புகளில் வழக்கம். வாயு வருவதைக் காட்ட அது நல்ல சோதனை. எடை மாறவில்லை என்று காட்ட உதவாது. பலூன் ஒரு லிட்டர் உப்பினால் ஒரு லிட்டர் காற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. சுற்றியுள்ள காற்று அதை மேலே தூக்குவதால் தராசு 1 கிராமுக்கும் மேல் குறைத்துக் காட்டும். விதியே பொய் என்று மாணவர் நினைத்தால் தப்பு அவர் மேல் இல்லை.

பதிலாக, குளிர்பானம் வந்த 1 லிட்டர் பெட் பாட்டிலில் 5 சதவீத வினிகர் 30 மில்லி ஊற்றுங்கள். 1.68 கிராம் ஆப்ப சோடாவை டிஷ்யூ காகிதத்தில் மடியுங்கள். பாட்டில், மூடி, பொட்டலம் எல்லாவற்றையும் சேர்த்தே எடை எடுக்க வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசு தேவை, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பொட்டலத்தைப் போட்டதும் மூடியை இறுக்குங்கள். பாட்டிலை அமுக்கியபடி மூடினால், அது பிறகு நிமிரும்போது பழைய பலூன் கதைதான். நுரை அடங்கியபின் எடையில் 0.01, 0.02 தவிர வித்தியாசம் இருக்காது. திறந்து, பலமுறை அமுக்கி விட்டு வாயு முழுதும் போனால் 0.88 கிராம் குறையும். 84 கிராம் சோடாவுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கு. உள்ளே கொஞ்சம் தங்குவதால் குறைவு அதைவிடச் சிறிதாகவே வரும். சோடாவைக் கூட்டும் ஆசை வேண்டாம், கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

அதே விதிப்படி சமன்பாட்டின் இருபுறமும் அணுக்களை எண்ணிச் சமன்செய்ய நம்மூர்ச் சமன்பாடே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் தோலைப் பதனிட டிரம்மில் போடும் பேசிக் குரோமியம் சல்பேட், சோடியம் டைகுரோமேட்டும் சல்பர் டை ஆக்சைடும் தண்ணீரும் வினைபுரிந்து வருவது. கூடவே சோடியம் சல்பேட்டும் வரும். (கரும்பலகையில் ஒரு குரோமியம், ஒரு ஹைட்ராக்சில், ஒரு சல்பேட் என்று எழுதினால் போதும், டிரம்முக்குள் அதன் அமைப்பு சிக்கலானது.) ஐந்து சேர்மங்களிலும் ஆக்சிஜன் இருப்பதால், அதில் தொடங்கும் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். குரோமியத்தில் தொடங்கச் சொல்லுங்கள்: இடப்பக்கம் 2, ஆகவே வலப்பக்கம் குரோமியம் சல்பேட் 2. சோடியம் இருபுறமும் 2. வலப்பக்கம் சல்பர் 3, ஆகவே சல்பர் டை ஆக்சைடு 3. ஹைட்ரஜன் 2, தண்ணீர் 1. ஆக்சிஜன் கடைசியில்: இங்கே 7+6+1, அங்கே 10+4. நிறையும் பொருந்தும்: 262+192+18, 330+142, இரண்டும் 472.

எண் இடித்தால் கீழ் எண்ணைத் திருத்தக் கை போகும். தண்ணீரில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டால் கணக்கு நேராகலாம், ஆனால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

போட்ட குரோமியம் முழுவதையும் தோல் பிடித்துக்கொள்வதில்லை. மிச்சம் கழிவுநீரில் நிற்கும். மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி குரோமியம் சல்பேட், டிரம்முக்கே திரும்பும். அடுத்த தேர்வில் இதைக் கேளுங்கள்: கழிவுநீரில் 52 கிலோ குரோமியம் இருந்தால், முழுவதும் படிந்தபின் ஹைட்ராக்சைடு எத்தனை கிலோ? விடை 103. உலர்ந்த படிவு என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் பல மடங்கு காட்டும்.

இப்படிக்கு,
தோல் தொழில் வேதியியலில் இருக்கும் சிலர்