ஜெனரேட்டர் 'தயார் நிலையில்' என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லா ஊர்ச் செய்தியிலும் ஒரு வரி தவறாமல் வரும். மணல் மூட்டைகள் தயார், படகுகள் தயார், மரம் அறுக்கும் இயந்திரங்கள் தயார், ஜெனரேட்டர்களும் தயார் நிலையில் உள்ளன. இந்த வாரம் உங்கள் நாளிதழிலும் படித்தேன். பட்டுக்கோட்டை வட்டாரத்தில் முப்பது வருஷமாக ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருக்கிறேன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் தயார் என்று சொல்லப்பட்ட செட்டுகள் கரண்ட் போன ராத்திரியில் கல்லு மாதிரி நின்றதை நேரில் பார்த்தவன் நான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரியே கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்.) போன் எதுவும் வேலை செய்யாததால் விடிந்ததும் ஒரு பையன் நடந்தே வந்து என்னைக் கூப்பிட்டான். ரோடு முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது, டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

62.5 கே.வி.ஏ. திறன் கொண்ட செட், வாங்கி மூன்று வருஷம்தான். கேனோபி (செட்டை மூடியிருக்கும் இரும்புக் கூண்டு) பெயின்ட்கூட மங்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால், 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 10-ஐக்கூடத் தொடவில்லை. பேட்டரி சார்ஜரின் பிளக்கை எப்போதோ யாரோ பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள். சுவரில் ரிஜிஸ்டர் தொங்கியது, ஒவ்வொரு சனிக்கிழமையும் 'ஓட்டிப் பார்க்கப்பட்டது' என்று கையெழுத்து இருந்தது. வாட்ச்மேனைத் தனியாகக் கேட்டேன். "சத்தம் வருதுன்னு வார்டுல திட்டுறாங்கண்ணே, அதான் சும்மா போய்ப் பாத்துட்டு கையெழுத்த மட்டும் போட்டுடுவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை ஏன் ஓட்ட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

எதிர்வீட்டு டிராக்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டியதும் ஒரே செல்ஃபில் எடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இருபது நிமிஷம் ஓடி, தானாக இறங்கி, நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக, தொட்டால் வழுக்குகிற மாதிரி, ஜெல்லி. டேங்கின் அடியில் தண்ணீர். செட் வந்த நாளில் நிரப்பிய டீசல் பாதி அப்படியே கிடந்திருக்கிறது. பாதி காலியான டேங்கில் இரவு குளிர்ச்சிக்கு ஈரம் வேர்த்து அடியில் இறங்கும், அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமி வளரும், அதுதான் அந்த ஜெல்லி. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் லைனில் புகுந்த காற்றை எடுத்து மறுபடி ஓட்ட மதியமாகிவிட்டது.

அந்த ராத்திரி அங்கே ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. இரண்டு நர்ஸம்மாக்கள் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, டாக்டரம்மா குழந்தையை எடுத்திருக்கிறார். வார்மர் ஓடாததால் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, சேலை, துண்டு, போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றி விடிய விடியக் காத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அது அந்த அம்மாக்களின் கெட்டிக்காரத்தனம். பல லட்ச ரூபாய் செட் பின்பக்கம் சும்மா நின்றது, அதுவும் சில நூறு ரூபாய் ஃபில்டருக்காகவும் பிடுங்கிப் போட்ட ஒரு பிளக்குக்காகவும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 2012-ல் சென்னையில் இரண்டு மணி நேரம், எங்கள் மாதிரி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம் எங்கள் பக்கம் புயல் அடித்திருந்தால் எல்லா ஜெனரேட்டரும் ஓடியிருக்கும். தினமும் லோடில் (லைட், மோட்டார் என்று நிஜமாகவே கரண்ட் கொடுத்துக்கொண்டு) ஓடின, தினமும் யாராவது டீசல் ஊற்றினார்கள், சத்தம் மாறினால் உடனே எனக்கு போன் வந்தது. இன்றைக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறது, அது நல்லதுதான், ஆனால் செட்டுகள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. ஓடி ஓடித் தேய்ந்து கெட்ட செட்டைவிட, ஓடாமல் கெட்ட செட்டைத்தான் நான் இப்போது அதிகம் பார்க்கிறேன்.

வாரா வாரம் உண்மையாகவே ஓட்டுகிறவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். ஸ்டார்ட் செய்து, லோடு கொடுக்காமல் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். செல்ஃப் எடுக்கிறதா என்று மட்டும்தான் அதில் தெரியும். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, ஃபில்டரில் டீசல் தாராளமாக வருகிறதா என்பதெல்லாம் லோடு ஏறி, எஞ்சின் சூடாகி, இருபது நிமிஷம் ஆன பிறகுதான் வெளியே வரும். அதற்கும் மேல், லோடே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் டீசல் முழுசாக எரியாமல் கார்பனும் எண்ணெயுமாக வால்விலும் சைலன்சரிலும் போய் ஒட்டும். சைலன்சர் ஜாயின்ட்டில் கறுப்பாக எண்ணெய் வழிந்தால் அதுதான் அடையாளம். மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம், செட்டின் திறனில் மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுத்து ஓட்டுங்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 110 என்ற விதியும் மாதம் அரை மணி நேரம், குறைந்தது 30 சதவீத லோடு என்றுதான் சொல்கிறது.

அதையும் செட்டின் சாவியைத் திருப்பிச் செய்யாதீர்கள். பகலில், முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மெயினை ஆஃப் செய்யுங்கள். செட்டின் கன்ட்ரோல் பேனல் கரண்ட் போனதைத் தானாகக் கவனிக்கிறதா, செட் தானாக எடுக்கிறதா, லோடு செட்டுக்கு மாறுகிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் அபார்ட்மென்ட் செக்ரட்டரிகள் தயங்குகிறார்கள், லிஃப்ட் நிற்கும், வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு லிஃப்ட் ஒரு நிமிஷம் நிற்பதையா, புயல் ராத்திரியில் வயசானவர்களோடு நாலாவது மாடியில் மாட்டிக்கொள்வதையா, எதைத் தாங்க முடியும் என்று அவர்களே சொல்லட்டும். நிறைய இடங்களில் சர்வீஸுக்கு வந்தவர் பேனலை மேனுவலில் வைத்துவிட்டுப் போயிருப்பார், ஆட்டோவுக்குத் திருப்ப மறந்திருப்பார். மெயினை ஆஃப் செய்து பார்த்தால் தவிர அது தெரியவே தெரியாது.

"ஏ.எம்.சி. போட்டிருக்கிறோமே" என்பார்கள், வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைச் சொல்கிறார்கள். சரி, நல்லது. சர்வீஸுக்கு ஆள் வரும்போது பக்கத்தில் போய் நின்றிருக்கிறீர்களா? ரிஜிஸ்டரில் தேதிக்குப் பக்கத்தில் ஹவர் மீட்டர் (செட் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது) ரீடிங்கையும் எழுத வையுங்கள். ஐம்பது வாரம் ஓட்டியதாகக் கையெழுத்து இருந்து, மீட்டர் அசையாமல் இருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். "செட்டு பத்து மணி நேரம்தானே ஓடிச்சு, ஆயில் எதுக்கு மாத்தணும்" என்று கேட்காதீர்கள். ஓடாவிட்டாலும் ஆயில் கெடும், வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றியாக வேண்டும். பேட்டரிக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். எங்கள் கடலோரத்துக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள், உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும், கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். அப்புறம் எலி. கேனோபிக்குள் இருட்டும் கதகதப்பும் இருக்கிறது, அதற்கு வேறென்ன வேண்டும்? கதவைத் திறந்து டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள். போன மாதம்கூட ஒரு கல்யாண மண்டபத்தில் சென்சார் ஒயரைக் கடித்துத் துப்பியிருந்தது, செட் எடுத்த உடனே நின்று நின்று போனது.

வீட்டுக்குச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு: நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கட்டும். உள்ளேயே விட்டால் பிசினாகி அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயோ ஜன்னல் பக்கத்திலேயோ வைத்து ஓட்டவே வேண்டாம், அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதைவிட எனக்கு ஆத்திரம் வருவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (மெயின் லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றுவது) போடாமல் ஒயரை பிளக் பாயின்ட்டிலேயே செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது, மெயின் வழியாகத் தெருக் கம்பத்துக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். கஜாவுக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்து கிடந்தபோது, எந்தெந்த மாவட்டத்திலிருந்தோ வந்து சேற்றில் நின்று கம்பி இழுத்த மின்வாரிய ஊழியர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். லைன் ஆஃப் என்று நம்பித்தான் அவர்கள் கம்பம் ஏறுகிறார்கள்.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ஜெனரேட்டர் தயார் நிலையில் உள்ளது என்று பேட்டி கொடுத்தால், கடைசியாக மெயினை ஆஃப் செய்து லோடில் ஓட்டியது எந்தத் தேதி, எத்தனை நிமிஷம், பேட்டரி எந்த வருஷத்தது என்று கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து அச்சடியுங்கள். பதில் இல்லையென்றால் பதில் இல்லை என்றே போடுங்கள். இன்னும் மழை வலுக்கவில்லை, நாள் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துப் புயல் பாதுகாப்பு மையங்களிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிற செட்டுகளை லோடில் ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மகனும் கூலி வாங்காமல் வருகிறோம். டீசல் மட்டும் அவர்கள் வைத்திருக்கட்டும், புது டீசலாக.

இப்படிக்கு,
ஒரு ஜெனரேட்டர் மெக்கானிக்,
பட்டுக்கோட்டை.