மூன்றும் ஒரே வகை அல்ல

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் உன் கையெழுத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதைப் பார்த்ததும் மனம் லேசாயிற்று. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டு அவிழ்த்ததும் நீ கடவுளுக்கு நன்றி சொன்னாய், கடவுள் என்று ஒருவர் இல்லை, நன்றியை அறிவியலுக்குச் சொல்லுங்கள் என்று உன் மகன் சொன்னான், வீட்டில் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதே என்று, "கடவுள் நம்பிக்கையும் ஒரு கோட்பாடு, நாத்திகமும் ஒரு கோட்பாடு, அறிவியலும் ஒரு கோட்பாடுதான், எதையும் யாரும் முடிவாக நிரூபித்துவிடவில்லை, அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்ளலாம்" என்று நீ பேச்சை முடித்துவைத்தாய். சமாதானத்துக்காகச் சொன்னாய் என்று தெரியாமல் இல்லை. ஆனால் இந்தச் சமாதானத்தால் மூன்றுக்குமே அநியாயம் நேர்கிறது என்று எனக்குப் படுகிறது. அதிலும் கூடுதலாக இழப்பது உன் கடவுள் நம்பிக்கைதான் என்பதால், உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அறிவியல். 1846-இல் லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர், யுரேனஸ் கோள் நியூட்டனின் விதிப்படி செல்ல வேண்டிய பாதையிலிருந்து சற்றே விலகிச் செல்வதற்குக் காரணம் தேடினார். அதற்கும் அப்பால் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று முடிவுசெய்து, அந்தக் கோள் வானில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டு, பெர்லின் வானாய்வகத்தில் இருந்த கால்லே என்பவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் செப்டம்பர் 23-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அன்றிரவே கால்லே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார். கணக்கு காட்டிய இடத்துக்கு ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூன் இருந்தது. ஒரு கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். அதே லெ வெரியே, 1859-இல் புதன் கோளின் பாதையில் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். புதன் சூரியனை மிக நெருங்கும் புள்ளி ஆண்டுக்காண்டு மெல்ல இடம்பெயர்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் ஒரு மிச்சம் எஞ்சியது. பிற்பாடு துல்லியமாக அளந்தபோது அந்த மிச்சம் நூறு ஆண்டுகளுக்கு 43 விகலை என்று தெரிந்தது; ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. முன்பு கைகொடுத்த வழியிலேயே அவர் மறுபடியும் போனார். புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்ததாகக்கூடச் சிலர் சொன்னார்கள், ஆனால் அப்படி ஒரு கோள் அகப்படவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கோட்பாடு, எந்தப் புதுக் கோளையும் கற்பனை செய்யாமல் அந்த 43 விகலைக்குச் சரியாகக் கணக்குக் காட்டியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மனித அறிவின் சிகரம் என்று போற்றப்பட்ட நியூட்டனின் ஈர்ப்பு விதி, தோராயமாகச் சரியானது என்ற நிலைக்கு இறங்கி வந்தது.

43 விகலை என்பது வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாத அளவு. அவ்வளவு சிறிய பிசகுக்காகத் தன் மிகப் பெரிய சாதனையைத் திருத்திக்கொண்ட ஒன்றை, எதற்கும் அசையாத நம்பிக்கையோடும் எதற்கும் அசையாத மறுப்போடும் ஒரே வரிசையில் எப்படி உட்காரவைப்பது? தான் சொல்வது தவறாக இருந்தால் அது எங்கே, எவ்வளவு தூரம் தெரியவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறரை வந்து பார்க்கச் சொல்லும் துணிவைத்தான் நான் அறிவியல் என்று நினைக்கிறேன். அதன் முடிவுகள் மாறலாம். மாறுவதற்கு அது வைத்திருக்கும் நிபந்தனைகள் கறாரானவை.

நீ சொன்னதில் ஒரு பாதி சரி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிவியலில் முடிவான நிரூபணம் கிடையாது. இதுவரை நடந்ததுபோலவேதான் இயற்கை நாளையும் நடந்துகொள்ளும் என்பதை, அப்படி நடந்துகொள்ளும் என்று முன்பே எடுத்துக்கொள்ளாமல் நிறுவ முடியாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் என்ற தத்துவ அறிஞர் காட்டினார். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்றுவரை இல்லை. ஆகவே அறிவியலின் அடித்தளத்திலும் நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்று இருக்கத்தான் செய்கிறது. உன் மகன் அதை மறுத்தால் அவன் சொல்வது தவறு. ஆனால் முடிவாக நிரூபிக்கப்படவில்லை என்பதிலிருந்து எல்லாம் சமம் என்ற முடிவுக்கு நீ தாவுகிறாயே, அங்கேதான் நான் உன்னோடு வர மறுக்கிறேன். உன் கண்ணுக்குள் இப்போது இருக்கும் செயற்கை வில்லையையே எடுத்துக்கொள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானிகளின் கண்களுக்குள் விமான முகப்பின் அக்ரிலிக் சில்லுகள் தங்கியிருந்தும், கண் அவற்றால் அழற்சி கொள்ளாததை ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அந்தப் பொருளில் வில்லை செய்து உள்ளே வைத்தால் கண் அதைத் தாங்கும் என்று எண்ணினார். 1949-இல் லண்டனில் வைத்தும் பார்த்தார். கண் தாங்கியது, ஆனால் வில்லையின் திறன் கணக்குத் தவறியதால் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. கண் மருத்துவத்தில் பெயர்பெற்ற பலர் அவரைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். கணக்கு பிறகு திருத்தப்பட்டது, எதிர்ப்பும் அடங்கியது. அப்படிப் படிப்படியாகத் திருந்தி வந்த ஒன்றை "அதுவும் ஒரு கருத்து" என்று சொல்ல உனக்கே மனம் வராது.

இனி நாத்திகம். நான் கடவுளை நம்பாதவன் என்பதை இளமையிலிருந்தே நீ அறிவாய். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: நாத்திகம் ஒரே ஒரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். புதனின் பாதையைப் பற்றியோ கண்ணின் அழற்சியைப் பற்றியோ அதனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கிடைத்திருக்கும் சான்றுகள் எனக்குப் போதவில்லை என்பது என் தீர்ப்பு. அதை நான் காரணம் காட்டிப் பேசலாம், ஆனால் அறிவியல் என் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நாத்திகமும் அறிவியலும் ஒன்றுதான் என்று உன் மகன் எண்ணினால், சோவியத் ஒன்றியத்தில் நடந்ததை அவன் படிக்க வேண்டும். சமயத்தை ஒழிக்க முனைந்த அதே அரசுதான், லைசென்கோ என்ற வேளாண் அறிஞரின் பேச்சைக் கேட்டு 1948-இல் மரபியலைப் பொய் என்று அறிவித்து ஒதுக்கியது. உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த மாபெரும் மரபியலாளர் வவிலோவ், அதற்கு முன்பே 1943-இல் சரடோவ் சிறையில் இறந்துவிட்டார். கடவுளை மறுத்தவர்கள் மரபணுவையும் மறுத்தார்கள். ஒன்றை மறுத்த தெளிவு இன்னொன்றில் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்த கதை ஒன்று உண்டு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலும், அது மிகச் செறிந்த ஓர் ஆதி நிலையிலிருந்து தொடங்கியது என்று 1931-இலும் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அதை எதிர்த்து, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற மாறா நிலைக் கோட்பாட்டை 1948-இல் முன்வைத்தவர்களில் ஒருவரான ஃபிரெட் ஹாயில், சமய நம்பிக்கை இல்லாதவர். தொடக்கம் என்ற எண்ணத்தில் படைப்புக் கதையின் வாடை வீசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் கண்டறிந்த தொடக்கம் படைப்புக்குச் சாட்சி சொல்வதாகப் பேசினார். அதில் மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது, கடவுளை மறுக்க விரும்பும் பொருள்முதல்வாதிக்கு அது தடையாகாது என்பது அவருடைய நிலை. தினமும் வழிபாடு நடத்தும் ஒருவர், தன் இறைநம்பிக்கைக்கு வலிய வந்த ஆதரவை வேண்டாம் என்று விலக்கினார் என்பதை எண்ணும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வழக்கைத் தீர்த்தது குருவானவரின் பக்தியும் இல்லை, ஹாயிலின் மறுப்பும் இல்லை. பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு பெரிய வானலை ஏற்பியை வைத்துக்கொண்டு, எந்தத் திசையில் திருப்பினாலும் ஓயாமல் கேட்ட மெல்லிய இரைச்சலுக்குக் காரணம் தெரியாமல் தவித்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்தும் இரைச்சல் நின்றபாடில்லை. சூடான தொடக்கத்திலிருந்து எஞ்சி, எங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சு அது என்று 1965-இல் தெரியவந்தது. மறு ஆண்டு இறந்துபோன லெமேத்ருக்கு, இறப்பதற்குச் சற்று முன்னால் அந்தச் செய்தி எட்டியது. ஹாயில் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் ஒப்புதலுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை.

இப்போது உன் பக்கம் வருகிறேன். கடவுள் நம்பிக்கையைக் கோட்பாடு என்று நீ சொன்னால், அதைச் சோதிக்கவும் இடம் கொடுக்கிறாய் என்று பொருளாகிறது. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பிறர் தமக்காகப் பிரார்த்தனை செய்கிறார்களா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை கிடைத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடாக இருந்தது. இதைக் கேட்டு நீ பிரார்த்தனையை நிறுத்திவிடுவாயா? மாட்டாய். நிறுத்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

என் அம்மாவை உனக்கு நன்றாகத் தெரியும். அப்பா படுக்கையில் கிடந்தபோது விடியற்காலையில் எழுந்து, அவருடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துவைத்துவிட்டுத்தான் கைகூப்பி நிற்பாள். அப்பா பிழைக்கவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், அதே நேரத்தில் எழுந்து அதே இடத்தில் நின்றாள். மாத்திரை பிரிக்கும் வேலை மட்டும் இல்லை. வேண்டுதல் ஒரு கோட்பாடாக இருந்திருந்தால் அது அப்பாவோடு பொய்த்துப்போயிருக்கும். அவள் செய்தது வேறு ஏதோ ஒன்று: துக்கத்தோடும் நன்றியோடும் யாருக்கோ முன்னால் நிற்பது, தன் வாழ்வு முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. அங்கே யாரும் இல்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆயினும் அந்த நிற்றலை ஓர் ஊகம் என்று சுருக்க எனக்கு வாய் வராது. நீயே அதைச் சுருக்கினாயே என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் இதையே கேடயமாகவும் பிடிக்க முடியாது. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்றோ, இந்த நோய் இந்தப் பாவத்தால் வந்தது என்றோ சமயத்தின் பெயரால் ஒருவர் சொன்னால், அவர் உலகத்தைப் பற்றிப் பேசுகிறார்; அங்கே அளவுகோல்கள் காத்திருக்கின்றன. பூமிக்கு ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று பாறைகளும் விண்கற்களும் சொல்லும்போது, "அது அவர்கள் கோட்பாடு, இது எங்கள் கோட்பாடு" என்று ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. உலகத்தைப் பற்றிச் சொல்லும்போது சோதனைக்கு உட்பட வேண்டும், உட்பட விரும்பாவிட்டால் சொல்லாதிருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அறிவியலும் நாத்திகமும் சேர்ந்துகூட எனக்குத் தீர்த்துவைக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உண்மை கசப்பாக இருந்தாலும் அதைத்தான் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக இருக்கிறேன். அந்த உறுதிக்கு எந்த அளவீடும் ஆதாரம் தரவில்லை. நீயானால் அதைக் கடவுளிடமிருந்து வந்தது என்பாய். நான் அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அதற்கு ஈடாக வேறொரு பதிலும் என்னிடம் முழுமையாக இல்லை. அடுத்த கடிதத்தில் இதைப் பற்றி நீ எழுத வேண்டும். கூடவே, உன் நம்பிக்கைகளில் எவற்றை எதிர்ச்சான்று கண்டால் விட்டுவிடுவாய், எவற்றை எது வந்தாலும் விடமாட்டாய் என்று பிரித்து எழுது. என் பக்கத்துப் பட்டியலை நானும் எழுதி அனுப்புகிறேன். உன் மகனையும் எழுதச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்