ஆய்வு நிதியைப் பங்கிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் "இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவரும் அதை நிரப்புகிறார், பேச ஆளில்லாமல் போன ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுகிறவரும் நிரப்புகிறார், எண் கோட்பாட்டுக்காரரும் நிரப்புகிறார். அப்புறம் மூன்றையும் ஒரே மேசையில் போட்டு மதிப்பெண் கொடுக்கிறீர்கள். இந்த வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். அது எப்போது தொடங்கியது, எப்போது முழுசாக மறைத்தது, அந்த இருட்டில் வெள்ளியும் புதனும் கண்ணுக்குத் தெரிந்தன என்பது வரை அங்கிருந்த வானியலாளர்கள் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் குறித்துவைத்தார்கள். பூமி எக்காலமும் ஒரே வேகத்தில் சுழல்வதாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நிழல் பாபிலோனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே விழுந்திருக்க வேண்டும். ஆனால் பாபிலோனில்தான் விழுந்தது என்று பலகை சொல்கிறது. இப்படிப்பட்ட பழைய குறிப்புகளையெல்லாம் திரட்டி ஸ்டீபன்சன், மாரிசன், ஹோஹென்கெர்க் மூவரும் 2016-ல் கட்டுரை வெளியிட்டார்கள்: ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சராசரியாக 1.8 மில்லி வினாடி கூடுகிறது. கடல் ஓதங்களின் (அலையேற்ற இறக்கங்களின்) இழுவை பூமியின் சுழற்சியை மெதுவாக்குகிறது; அதை மட்டும் வைத்துப் பார்த்தால் 2.3 மில்லி வினாடி வந்திருக்க வேண்டும். குறைகிற அந்த மிச்சத்துக்குக் காரணங்களில் ஒன்று, பனியுகம் முடிந்து பனிப்பாறைகளின் பாரம் இறங்கிய நிலம் இன்றும் மெல்ல மேலெழுந்துகொண்டிருப்பது; அது சுழற்சியைக் கொஞ்சம் வேகப்படுத்துகிறது.

பூமியின் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு புவி இயற்பியலாளர் தெரிந்துகொள்ள, செத்துப்போன ஒரு மொழியைப் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். அந்தப் பலகைகளை வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்துப் பதிப்பித்தவர்கள் உங்கள் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள், சொல்லுங்கள்.

வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியா, டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு நொதி கொடுத்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷத்திலிருந்து நீரிழிவு மருந்து வந்ததும் தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் கதைகளை மட்டும் காட்டி நிதி கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான ஆய்வுகளிலிருந்து மருந்தும் வராது, கருவியும் வராது. ஒரு இடைக்காலக் கணக்கேட்டைப் பதிப்பிக்கிறவர், ஒரு பாசி இனத்தை வகைப்படுத்துகிறவர், ஒரு தேற்றத்துக்கு நிரூபணம் தேடுகிறவர், இவர்கள் கண்டுபிடிப்பதை வேறு எப்படியும் நாம் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம். அதற்காகவே அவர்களுக்குப் பணம் கொடுக்கலாம்.

அடுத்து, இம்பாக்ட் ஃபேக்டர். ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு அது, அவ்வளவுதான். மூலக்கூறு உயிரியலில் ஒரு கட்டுரையை அடுத்த மாதமே நாலு பேர் மேற்கோள் காட்டுவார்கள், கணிதத்தில் அதற்குப் பத்து வருடம்கூட ஆகலாம், வரலாற்று ஆய்வாளரோ புத்தகமாகவே எழுதுகிறார், அது இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. இதை வைத்து ஆளையோ கட்டுரையையோ எடைபோடாதீர்கள் என்று, ஆய்வுகளை மதிப்பிடும் முறை பற்றிய 2012-ன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்லியாயிற்று. துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறும் என்று, அதே விஷயம் பற்றிய 2015-ன் லைடன் அறிக்கையும் சொல்லிவிட்டது. அப்படியும் தேர்வுக் கூட்டங்களில் முதலில் விழுகிற கேள்வி "எந்த இதழில் வந்தது?" என்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு துறையின் விண்ணப்பத்தை அந்தத் துறைக்காரர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், எண்ணை விட்டுவிட்டுக் கட்டுரையைப் படிக்கச் சொல்லுங்கள். நாலைந்து பேரே மிஞ்சியிருக்கும் துறைகளுக்கு மூன்று வருடத் திட்டம் போதாது, நிரந்தரப் பணியிடம் வேண்டும். கடைசி ஆசிரியர் ஓய்வு பெறும்போது அடுத்தவரைப் பயிற்றுவிக்க ஆளில்லை என்றால், அதன்பின் எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்தப் படிப்பை மீட்க ஒரு தலைமுறை ஆகும். பயன் கேட்கும் அந்தக் கட்டத்தை, நேரடிப் பயனை நோக்கிச் செய்யும் ஆய்வுகளுக்கு மட்டும் வையுங்கள். மற்றவர்களிடம் "உங்கள் கேள்வி என்ன, அதற்கு இதுவரை ஏன் விடை கிடைக்கவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த சுற்றுக்கான படிவம் வெளிவரும் முன்பே இந்த ஒரு மாற்றத்தையாவது செய்துவிட முடியும்.

அன்புடன்,
ஆய்வுக் கட்டுரைகளைத் துறை பார்க்காமல் வாசிக்கும் ஒருவர்