பட்டைத்தலை வாத்தின் உயரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்துகள் எவரெஸ்டுக்கு மேலே பறப்பவை என்று பலரும் எழுதுவது சற்று மிகை. கருவி பொருத்திக் கண்காணித்தபோது பதிவான உச்ச உயரம் ஏறத்தாழ 7,290 மீட்டர். அதுவே வியப்புக்குரியது. கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி ஆக்சிஜன்கூட இல்லாத அவ்வுயரத்தில் அவை இறக்கையடித்துப் பறப்பதற்கு, ஆக்சிஜனை இறுகப் பற்றும்படி சில அமினோ அமிலங்கள் மாறியமைந்த ஹீமோகுளோபின் என்னும் ரத்தப் புரதமும், பெரிய நுரையீரலும், பறப்புத் தசைகளில் அடர்ந்து பின்னிய ரத்த நுண்குழாய்களும் துணைசெய்கின்றன.

ஏறிய உயரத்தை விட்டு இறங்குவது வீண் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால், மெல்லிய காற்றில் இறக்கையடிக்கும் செலவு மிகுதி என்பதால், அவை மலைச்சரிவை ஒட்டி ஏறியும் இறங்கியும், பெரும்பாலும் காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் அதிகாலையிலுமே இமயத்தைக் கடக்கின்றன.

– வாசகர், திருநெல்வேலி