ஆவணியில் பிறந்த மகனுக்கு

சிரஞ்சீவி கதிருக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆசீர்வாதம்.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக உன்னிடமிருந்து அழைப்பு வராததால் நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. மருமகள் அனுப்பிய படத்தில் குழந்தைக்கு முன்பல் விழுந்திருப்பதைப் பார்த்தோம். வேறு ஒன்றும் தெரியவில்லை. உனக்கு வேலை மிகுதி என்று உன் அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டினாள்.

முதலில் பாஸ்போர்ட். நீ 2016இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்தது 10 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பது உனக்கு நினைவிருக்கும் என்றாலும், சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. நம் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரின் மகளுக்கு நடந்ததைக் கேட்டபின் எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. கம்பெனி அவளுக்கு வாங்கிக் கொடுத்த எச்-1பி வேலை அனுமதித் தாளில் ஒரு தேதி இருந்தது. அவள் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் இருந்த அதிகாரி, அவளுடைய பாஸ்போர்ட் எந்த நாளில் முடிகிறதோ அந்த நாள் வரைக்கும்தான் தங்கலாம் என்று ஐ-94 என்ற வருகைப் பதிவுச் சீட்டில் போட்டுவிட்டார். 2013க்குப் பிறகு விமானத்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டைத் தாளாகக் கையில் கொடுப்பதில்லை, இணையத்தில்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால், அவள் பார்க்கவே இல்லை. புது பாஸ்போர்ட் வாங்கினாள். வாங்கினால் போதும், அந்தத் தேதி தானாக நீண்டுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அது நீளாது. விசா முத்திரை வாசல் வரை வந்து கதவைத் தட்டலாம் என்பதற்கு மட்டும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது அந்த ஐ-94தான். அனுமதியில்லாமல் 180 நாட்களுக்கு மேல் இருந்துவிட்டு வெளியே வந்தால் 3 ஆண்டு, ஒரு வருடத்தை எட்டிவிட்டால் 10 ஆண்டு உள்ளே விடமாட்டார்கள் என்பது 1996இல் போட்ட சட்டம். அந்தப் பெண் 140ஆவது நாளில் கண்டுபிடித்தாள். நீ 2024இல் வந்துவிட்டுப் போனாயே, அப்போது உனக்கு என்ன தேதி போட்டார்கள் என்று பார்த்தாயா?

வீடு மாறினால் 10 நாட்களுக்குள் புது முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. கடிதம் பழைய வீட்டுக்குப் போய், யாரோ அதைக் குப்பையில் போட்டுவிட்டால், கெடு மட்டும் உனக்காகக் காத்திராமல் ஓடிக்கொண்டிருக்கும். மேல் விவரம் கேட்டு வரும் கடிதத்துக்கு அதிகபட்சம் 12 வாரம்தான் தருவார்கள், நீட்டிப்பு கிடையாது என்று படித்தேன். அப்படி எதுவும் உனக்கு வந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கம்பெனியில் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. ஆட்குறைப்புச் செய்திகளைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம், வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ள 60 நாட்கள் என்ற கணக்கு மட்டும் எனக்குத் தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று நீ சிரிப்பாய். 2009இல் உன் விசா நேர்காணலுக்கு, ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்கம், வெயிலில் இரண்டரை மணி நேரம் உன் பையை வைத்துக்கொண்டு நின்றேனே, அன்று தொடங்கியது இந்தப் படிப்பு. நீ வெளியே வந்து விரலை உயர்த்திக் காட்டியபோது பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நம் பரம்பரையில் கடல் தாண்டியவன் நீ ஒருவன்தான். அங்கே எல்லோரும் உன்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நீ முதல் வருடம் சொன்னபோது உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்தக் கட்டத்தில் அப்பன் பெயரைப் போட்டாய். உன் நண்பன் ஒருவன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டதால் அவனுடைய முதற்பெயரை 'எஃப்என்யூ' என்று போட்டு, 'முதற்பெயர் தெரியாதவன்' ஆக்கிவிட்டார்கள் அல்லவா? நீ அந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்தாய். என் பெயர் டாலஸில் ஒரு அலுவலகத்தில் தினமும் உச்சரிக்கப்படுகிறது என்பதில் எனக்கு இருக்கும் கர்வத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவனைக் கூப்பிட உனக்கு மாதம் ஒரு தடவைகூட நேரமில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

2013இல் உனக்காகக் கம்பெனி போட்ட, அங்கேயே நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு மனுவுக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. வேலை வழியாக வருகிறவர்களுக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. அதில் மனைவி மக்களும் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்தக் கணக்கில் சிறிய நாட்டுக்காரனும் நம் நாட்டுக்காரனும் ஒன்று. இதில் என்னை உறுத்துவது, அந்த வரிசையைக் குடியுரிமையை வைத்துப் பிரிக்கவில்லை, பிறந்த நாட்டை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான். எந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் எங்கே பிறந்தாய் என்பதே கேள்வி. எங்கே, எப்போது, யாருக்கு. அதற்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்.

அதைத்தான் நீ கேட்டாய். இப்போது நான் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஏழு வாரத்துக்கு முன்பு, வக்கீல் கேட்கிறார் அப்பா, நகராட்சியில் வாங்கி அனுப்புங்கள் என்று நீ சொன்னபோது, அந்தக் காலத்துப் பதிவேடெல்லாம் கரையான் அரித்துவிட்டதாம், பதிவு கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். நீ சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, பதிவு இல்லை என்று அவர்களிடமே ஒரு சான்று வாங்க முடியுமா பாருங்கள், அதோடு இரண்டு பேர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றாய். பார்க்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் சொன்னது பொய், கதிர். நீ கேட்ட மறு வாரமே நான் நகராட்சிக்குப் போனேன். பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்த பையன், 1986ஆம் வருடப் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தான். ஓரங்கள் பொடிந்திருந்தன, கரையான் இல்லை. செப்டம்பர் 9, ஆண், தந்தை பெயர், தாய் பெயர், உன் பாட்டி வீட்டுக் கதவிலக்கம், எல்லாம் நீலக் கருப்பு மையில் தெளிவாக இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் வெறுமை. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, வால் நீண்ட பழைய கையெழுத்து. சான்றிதழை வாங்கி வந்தேன். அது இன்றுவரை என் மேசை இழுப்பறையில், மின்கட்டண அட்டைக்கு அடியில் இருக்கிறது.

உன் பாஸ்போர்ட்டிலும் எஸ்எஸ்எல்சி சான்றிதழிலும் 20.05.1986. ஆவணியில் வீட்டில் பாயசமும் மே மாதத்தில் அலுவலகத்தில் கேக்கும் என்று நீ வேடிக்கையாகச் சொல்வாய். எங்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள், பள்ளிக்கூடக் கணக்குப்படி. உன் விஷயத்தில் தலைமையாசிரியரே அப்படிப் போட்டுவிட்டார் என்று இத்தனை வருடமாக நம் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கட்டியவன் நான்.

1991 ஜூனில் உன்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தத் தலைமையாசிரியர், கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறு காதைத் தொடச் சொன்னார். உனக்கு எட்டவில்லை. விரல் நுனி காதுக்கு மேலே முடியில் நின்றது. நான் உன் பின்னாலிருந்து முழங்கையை மெல்லத் தள்ளிவிட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிள்ளைக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது, அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்றார். உன் அம்மாவும் வீட்டில் அதையேதான் சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் மே 20 என்று என் கையால் எழுதி, இது உண்மை என்று கையெழுத்திட்டேன். நீ கெட்டிக்காரன், ஒரு வருடத்தை வீணாக்கக்கூடாது என்று நினைத்துச் சீக்கிரம் சேர்த்ததாக உன்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதுவும் இல்லை. அந்த வருடம் உன் பெரியப்பா மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளை ஒரு வகுப்பு முன்னே போய்விடுவான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் 31 ஆண்டுகள், ஒரு தேதி பிசகினால்கூடப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கிய நான் செய்தது இது. பதிவேட்டில் இருந்த கையெழுத்தும் பள்ளி விண்ணப்பத்தில் இட்ட கையெழுத்தும் ஒன்றுதான் என்பதை அந்தப் பையனின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

உன் வாயிலிருந்து ஏன் அப்பா என்ற கேள்வி வரும் என்று பயந்துதான் கரையான் கதையைச் சொன்னேன். அதன் பிறகுதான் அது உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று புரிந்தது. பதிவு இருக்கும்போது இல்லை என்ற சான்றை யாராவது தரகன் வழியாக வாங்கி நீ அங்கே கொடுத்துவிட்டால், அது பொய்யான ஆவணம் ஆகிவிடும். இங்கே வாசலில் நிற்கும் ஒருவன் வாங்கித் தருகிறேன் என்று என்னிடமே சொன்னான். உன்னிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். தெரிந்தே, முக்கியமான விஷயத்தில் பொய் ஆவணம் கொடுத்தவனுக்கு அந்த நாட்டில் காலத்துக்கும் தடை. விலக்கு பெறுவது அரிது. நாலே முக்கால் வயதில் உனக்காக நான் எழுதிய தேதியும், இன்று நீயே அறிந்து கொடுக்கும் காகிதமும் ஒன்றல்ல. அந்தச் சான்றைத் தொடாதே. ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் அனுப்பாதே. அனுப்பிவிட்டாய் என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடு; நீ அறியாமல் செய்ததற்கு இதுவே சாட்சி. எனக்குத் தலைகுனிவு என்று யோசிக்காதே.

சான்றிதழில் உன் பெயர் இல்லை என்பது இன்னொரு சிக்கல். பெயரைப் பிறந்த 15 ஆண்டுகளுக்குள் சேர்த்திருக்க வேண்டும்; அவ்வப்போது கால நீட்டிப்பு தருகிறார்கள் என்றாலும், பெயர் சேர்க்கப் பள்ளிச் சான்றிதழைக் காட்டினால் அதில் தேதி இடிக்கிறது. ஆகவே இருக்கிறபடியே அனுப்புகிறேன். அதோடு, இரண்டு தேதிகள் எப்படி வந்தன என்பதை விளக்கி நான் ஒரு பிரமாணப் பத்திரம், உன் அம்மா ஒன்று. மூன்றாவதாக உன் பெரியத்தை. நீ பிறந்த அன்று அந்த அறையில் இருந்தவள் அவள்தான். நேரில் அறிந்தவர்கள் சொல்வதுதான் செல்லும் என்கிறார்கள். அவளுக்கு 81 வயதாகிறது. நோட்டரியிடம் ஆட்டோவில் கூட்டிப் போனேன். கையெழுத்து நடுங்கியது, மூன்று முறை போட வேண்டியிருந்தது. மே மாதம் என்று ஏன் போட்டாய் என்று ஆட்டோவில் அவள் என்னைக் கேட்டாள். சொன்னேன். வேறு ஒன்றும் கேட்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எந்தத் தேதியை வைத்து மேலே போவது, எதைத் திருத்துவது என்பதை வக்கீல் சொல்லட்டும். நீயாக எதையும் முடிவு செய்யாதே, நானும் இனி செய்யமாட்டேன். எல்லாம் இந்தக் கடிதத்தோடு ஒரே உறையில் வருகின்றன. அசல்கள் உன்னிடம், நகல்கள் என்னிடம். கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி போடு. பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், ஒரு வரி போதும்.

உன் அம்மாவுக்கு இதில் எதுவும் புதிதல்ல. அன்று வேண்டாம் என்று சொன்னவள் அவள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: ஐ-94ஐ இன்றே எடுத்துப் பார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் பார். அதில் அப்பா பெயருக்கு நேரே என் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துச் சொல்.