தமிழாசிரியர்களுக்கான பாலியல் கல்விப் பயிலரங்கு: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களுக்காக ஜூன் விடுமுறையில் நடைபெற்ற பாலியல் கல்விப் பயிலரங்கிற்குத் துணைநின்ற அனைவருக்கும் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்க இம்மடலை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நம் பள்ளிகளில் தொடக்கநிலை 5இல் தொடங்கும் பாலியல் கல்விப் பாடங்களை, கல்வி அமைச்சின் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே நடத்துகின்றனர். பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் தரப்படுகிறது, விரும்பாதவர்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் வழியுண்டு. அப்படியிருக்கத் தமிழாசிரியர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்கிவிடுகிறது. தொடக்கநிலை 4இலேயே மாதவிடாய் வந்து மிரண்டுபோகும் பிள்ளை, சில பிள்ளைகளே உள்ள தமிழ் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தன்னை அறிந்த தமிழாசிரியரைத் தேடி வருவதுண்டு. வீட்டிலுள்ள பாட்டி விளக்கம் கேட்க வருவதும் அவரிடம்தான்.

முதல் நன்றி, பலதுறை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி அம்மையாருக்கு. ஆண், பெண் வேறுபாடின்றி ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் ஒரு சானிட்டரி பேடைக் கொடுத்து, உறையைப் பிரித்துத் துணியில் ஒட்டவும், பிறகு தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடவும் செய்தார். முதலில் எழுந்த சிரிப்பு, இரண்டாம் முறை செய்யும்போது இல்லை. "குழந்தை எப்படி வயிற்றுக்குள் போனது?" என்று பிள்ளை கேட்பதுபோல் அவர் கேட்க, ஓர் ஆசிரியர் விடை சொல்லத் தொடங்கியபடியே குறிப்பேட்டைப் பார்த்தார். "ஏட்டைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள், கேட்டதற்கு மட்டும் இரண்டு வரியில் உண்மையைச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார். பயிலரங்கில் நாங்கள் பெற்றவற்றுள் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். உடற்கூறு பற்றிய செய்திகளை எந்த ஆசிரியரும் படித்துக்கொள்ளலாம். முகம் மாறாமல் விடையளிப்பதற்கோ வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

அடுத்த நன்றி பள்ளி ஆலோசகருக்கு. தகாத தொடுதல் குறித்துப் பிள்ளை வாய்திறந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன என்பதை அவர் படிப்படியாக நடித்துக் காட்டினார். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்டு விடையைப் பிள்ளையின் வாயில் திணிக்கக் கூடாது. தவறு உன்னுடையதன்று என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றே பள்ளித் தலைமைக்கும் ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும். விசாரணை நம் வேலையன்று என்பதை அவர் அழுத்திச் சொன்னது பலருக்கு உள்ளபடியே நிம்மதியளித்தது.

தாமாக முன்வந்து கலந்துகொண்ட பெற்றோருக்கும், குறிப்பாக ஒரு பாட்டிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மஞ்சள் நீராட்டு, தீட்டு பற்றிய பேச்சு சூடாகி, பள்ளி இதில் தலையிடலாமா என்ற அளவுக்குப் போனபோது, "சடங்கு வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். உடம்பில் என்ன நடக்கிறதென்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார் அவர். பிள்ளையின் முன்னால் வீட்டு வழக்கத்தைப் பழிக்காமல் உண்மையைச் சொல்வது எப்படி என்று ஆசிரியர்கள் அதன்பின் குழுக்களாகப் பிரிந்து பழகினர்.

இடம் தருவதாகச் சொன்ன ஓர் அமைப்பு தலைப்பைக் கேட்டதும் பின்வாங்கியது. பெயர் வேண்டாம். குறுகிய கால அவகாசத்தில் கூடத்தைத் திறந்துவிட்ட குடியிருப்பாளர் குழுவினருக்கும், உணவளித்த அன்பருக்கும் நன்றி.

ஆண்பிள்ளைகளின் குரல் மாற்றம், உறக்கத்தில் விந்து வெளியேறுதல் ஆகியவை பற்றித் தனி அமர்வு வேண்டும் என்று ஆண் ஆசிரியர்களே கேட்டுள்ளனர். ஆண்டிறுதி விடுமுறையில் அதை நடத்தித் தரத் தாதி அம்மையார் இசைந்துள்ளார். அதற்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

இப்படிக்கு,
பயிலரங்க ஏற்பாட்டுக் குழுவினர்
சிங்கப்பூர்